நம்பிராஜனிடம் வாங்காத கம்ப்யூட்டர்

குற்றாலத்தில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து முடித்தபோது, அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று போலீஸ்காரர் விசிலடித்தார். அந்த வழவழப்போடு தென்காசி வீட்டுக்கு வந்தவன் சோப்புப் போட்டுக் குளித்திருக்கலாம். நான் உட்கார்ந்து புதுக் கம்ப்யூட்டருக்கு ப்ராசஸர் மாட்டினேன். அது விரலிலிருந்து வழுக்கி மதர்போர்டில் தலைகுப்புற விழுந்தது. சாக்கெட்டில் மயிரிழை போலிருக்கும் கம்பிகளில் ஒரு மூலை அப்படியே சாய்ந்துவிட்டது.

"பழி வாங்குத மூஞ்சியப் பாரு," என்றாள் என் மனைவி முத்துவடிவு.

பழிதான். பழைய கம்ப்யூட்டர் நம்பிராஜன் கடையில் வாங்கியது. பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். வடிவு அதில்தான் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் பவர் சப்ளை புகைந்து, போகும்போது ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போனது. சுரண்டைப் பெண் ஒருத்தியின் தாலிகட்டு அதற்குள் இருந்தது. பெண் வீட்டார் பேசிய பேச்சில் வடிவு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். பவர் சப்ளையின் ஸ்டிக்கரைச் சுரண்டினால், அடியில் இன்னொரு ஸ்டிக்கர். எட்டு வருஷத்துக்கு முந்திய தேதி.

போனில் கேட்டால் நம்பிராஜன் ஒரு நாள் கரண்டைக் குறை சொன்னான். மறுநாள் இடியை.

அதனால் புதுப் பெட்டியில் ஒரு ஸ்க்ரூகூட அவன் கடையுடையது இருக்கக் கூடாது என்று சபதம். எட்டு ஜிபி ரேம் போதும் என்பான். அதனாலேயே பதினாறு போட்டேன். எல்லாவற்றுக்கும் முதலில் நல்ல பவர் சப்ளையாக வாங்கினேன். தனி கிராபிக்ஸ் கார்டு கைக்கு எட்டவில்லை. ஆனாலும் பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட் வாங்கினேன். அவன் கடை வழியாகத் தூக்கிப் போகும்போது உள்ளே இருப்பது அவனுக்குத் தெரிய வேண்டாமா?

கடைசியில் அதே கடைக்கு மதர்போர்டைத் தூக்கிக்கொண்டு போனேன். சாய்ந்த கம்பியை வேறு யாரும் தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். பழைய பவர் சப்ளையும் பையில் இருந்தது.

வடகரை சைதூன் பீவி, மகள் ஹஸீபாவின் காலேஜ் படிப்புக்கு அங்கே கம்ப்யூட்டர் விலை பேசிக்கொண்டிருந்தார்.

நம்பிராஜன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். "ஏலே, இத மாட்டுனியா, தாளிச்சியா? எண்ண மணக்கு."

"நிமித்த முடியுமா?"

"பாப்போம்," என்று ஊசியை எடுத்தான்.

பவர் சப்ளையை மேசையில் வைத்தேன். "இது பழசுன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சீசன் ஈரத்துல எல்லாம் இப்படித்தான்..."

"ஈரமா வந்து ஸ்டிக்கர் ஒட்டுச்சு?"

சைதூன் பீவி எட்டிப் பார்த்து இரண்டு ஸ்டிக்கரையும் தடவினார். "எனக்கும் இதே மாதிரிதான் போடுவீகளா தம்பி?"

"இவன் சும்மா வெளயாடுதான்க்கா."

அவர் கைப்பையை டப்பென்று மூடினார். இந்தச் சத்தத்துக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். இனித்தது. நினைத்த அளவுக்கு இல்லை.

"கம்பி நிமிராட்டாலும் போகட்டும்லே. வடிவு சுரண்டையில பொண்ணு வீட்டு வாசல்ல நின்னு ஏச்சு வாங்குனா. தெரிஞ்சா போட்ட?"

நம்பிராஜன் ஊசியைக் கீழே வைத்தான்.

"தெரிஞ்சுதான் போட்டேன். வேற எவனா இருந்தாலும் வந்து சட்டையப் பிடிச்சிருப்பான். நீ வர மாட்டேன்னு நெனச்சேன்."