செவ்வாய்க்காரனும் பெரிய வெங்காயமும்

அந்தக் கோடை முழுக்க நான் செவ்வாய் கிரகத்துக்காரனாக இருந்தேன். நாடக மேடையில் ராஜா வேஷம் கட்டியவன். கிளிஃபர்ட் ட்ரான்டர் என்றால் கடலோர ஊர்களில் நாலு பேருக்காவது தெரியும். அப்படிப்பட்டவனைக் குளியலறை ரப்பர் விரிப்பில் தைத்த தோலுக்குள் திணித்து, முதுகில் வெந்நீர்ப் பைகளை ஒட்டி, கண்ணுக்கு இரண்டு டீ வடிகட்டிகளை வைத்துவிட்டார்கள். அவற்றின் வழியே என் கால்கூடச் சரியாகத் தெரியாது. உலகத்தை அழிக்க வந்தவனை யாராவது கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

டைரக்டர் லயனல் பெவெரலுக்கு அது முதல் படம். இரண்டு சூப் தட்டுகளைக் கவிழ்த்து ஒட்டிப் பறக்கும் தட்டு செய்திருந்தான். அதைத் தூக்கிய நூல் தெரிகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டான். பைத்தியம்தான், ஆனால் எனக்கு அவனைப் பிடிக்கும்.

கடைசி நாள் படப்பிடிப்பு, இங்கிலாந்தில் பெட்ஃபர்ட்ஷயர் பக்கம் ஒரு கிராமம். ஊர் ஜனங்கள் அலறிக்கொண்டு ஓட வேண்டும், பிறகு ராணுவம் என்னை வெடி வைத்துத் தகர்க்க வேண்டும். வெடிமருந்தோ முந்தின நாள் மழையில் ஊறிக் கஞ்சியாகிவிட்டது. “சாயங்காலத்துக்குள்ள முடிவுக் காட்சி எடுக்கலேன்னா படத்தைப் பூட்டிப் பரண்ல போட்டுடுவேன்” என்று படத்துக்குப் பணம் போட்ட முதலாளி போனில் கத்தியிருந்தார்.

“முதல்ல ஜனங்க ஓடட்டும். முடிவைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்” என்றான் லயனல்.

ஆனால் அந்த ஊரில் யாருக்கும் என்னைக் கண்டு பயமில்லை. காலையிலிருந்தே மேவிஸ் பிளோமர் என்ற அம்மாள், “உள்ள புழுங்குதா ராசா? வாயைத் திற, டீ ஊத்துறேன்” என்று என் கோரைப்பற்களுக்கு நடுவே கோப்பையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

கேமரா ஓடியது. நான் உறுமினேன். ஜனங்கள் ஓடினார்கள். மேய்ச்சல் வெளியின் மரக்கதவு வரைக்கும் ஓடி, அங்கே வரிசையில் நின்றுகொண்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் கதவைத் திறந்து பிடித்து எல்லாரையும் அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்து, “நீங்களும் போங்க சார், உங்களுக்கு உருவம் பெருசு” என்றார்.

“ரொம்ப தேங்க்ஸ்” என்றேன். பழக்க தோஷம்.

லயனல் தொப்பியைத் தரையில் அடித்தான். “உலகம் அழியுது! அழியும்போது யாராவது வரிசையில நிப்பாங்களா?”

“உலகம் அழிஞ்சா? அதுக்காக முண்டியடிச்சுக்கணுமா?” என்றாள் மேவிஸ். “நல்லா இருக்கே உன் நியாயம்!”

இன்னும் ஒரு தடவைக்குத்தான் பிலிம் இருந்தது. “ஆக்‌ஷன்!” என்றான். என்னைக் கூட்டிப்போகிறவன் கையை விட்டுவிட்டான். நான் உறுமிக்கொண்டே நடந்தேன். காலில் ஏதோ வேலி தட்டியது. அப்புறம் பாதத்துக்கு அடியில் ‘நறுக்’கென்று ஒரு சத்தம்.

ஓடிக்கொண்டிருந்த காலடிகளெல்லாம் சட்டென்று நின்றன.

அது மேவிஸின் தோட்டம். சனிக்கிழமை ஊர்க் கண்காட்சிப் போட்டிக்காக அவள் பீர் ஊற்றி வளர்த்த வெங்காயம், குழந்தைத் தலை அளவு இருந்தது. அதைத்தான் மிதித்திருந்தேன்.

நசுங்கியதை ஒரு கையில் ஏந்தி, மறு கையில் குடையை ஓங்கிக்கொண்டு வந்தாள். “வானத்துல இருந்து குதிச்சவன்னா? நீ என்ன பெரிய வெங்காயமா? இதுதான்டா பெரிய வெங்காயம்!”

மண்டையில் குடை இறங்கியது. அவளுக்குப் பின்னால் வாத்தியார், கசாப்புக்கடைக்காரர் என்று ஊரே திரண்டு வந்தது. அத்தனை பேரும் முண்டியடித்தார்கள், வரிசையும் இல்லை, மண்ணும் இல்லை.

“சார், கேமராவை நிறுத்தட்டுமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“நிறுத்தினே, கொன்னுடுவேன்!” என்றான் லயனல்.

நான் குரல்கள் இல்லாத பக்கமாக விழுந்தடித்து ஓடினேன். மரக்கதவில் மோதி, தடவித் திறந்து வெளியே போனேன். எந்த அவசரத்திலும் மேய்ச்சல் வெளியின் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகக்கூடாது, ஆடு மாடு வெளியேறிவிடும். எங்கள் ஊர்ப்பக்கத்தில் அடி வாங்கிக் கற்ற பாடம் அது. திரும்பி வந்து கொக்கியைப் போட்டுவிட்டுத்தான் ஓடினேன்.

அதுதான் படத்தின் முடிவாயிற்று. முதலாளி படத்தைப் பரணில் போடாமல் வெளியிட்டார்.

படம் வெளியான அன்று நான், மேவிஸ், லயனல் மூவரும் ஒன்றாக உட்கார்ந்தோம். நூல் தெரிந்தது, சிரித்தார்கள். சூப் தட்டு தெரிந்தது, சிரித்தார்கள். லயனல் இருக்கையில் புதைந்துகொண்டே போனான். கடைசியில் மேவிஸ் வெங்காயத்தோடு திரையில் வந்தாள். குடை இறங்கியதும் விசில் பறந்தது. செவ்வாய்க்காரன் திரும்பி வந்து கதவைச் சாத்தியதும் கொட்டகை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

லயனல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மேவிஸ் கைக்குட்டையை அவனிடம் நீட்டிவிட்டு என் காதில் சொன்னாள். “உரிச்சாத்தான் அழுவாங்கன்னு நெனச்சேன் ராசா. இவன் பார்த்ததுக்கே அழுறானே!”