புதன்கிழமை வேண்டாம்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாய் உப்பிப் போயிருப்பதை டாக்டர் ஜெகதீஸ்வரன் கம்ப்யூட்டரில் காட்டினார். இதயத்திலிருந்து கிளம்புகிற இடத்திலேயே ஆறு சென்டிமீட்டர் வீக்கம். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்துத் தைக்க வேண்டும், புதன்கிழமை காலையில் செய்துவிடலாம் என்றார்.

"தள்ளிப் போட்டா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். வெடிச்சா, தியேட்டருக்குக் கொண்டுபோறதுக்குக்கூட நேரம் இருக்காதும்மா."

என் வீட்டுக்காரர் பெயர் சென்னிமலை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்பவர். முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் போர் போடுகிறார். டாக்டர் சொன்னதை என்னைவிட அவர்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார். "கம்ப்ரஸர் ரப்பர் ஓஸ் உப்புன மாதிரிங்க. உப்பலக் கண்ணுல பாத்துட்டா அதுக்கு மேல ஒரு அடி ஓட்ட மாட்டோம். அன்னைக்கே மாத்திப் போடுவோம்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார்.

இவ்வளவு தெளிவாகப் பேசிய மனுஷர், ரூமுக்கு வந்ததும் வராததுமாக, "நர்மதா, நாள் எப்படி இருக்குதுன்னு பாத்தியா?" என்று கேட்டார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாள், நேரம் பார்ப்பதெல்லாம் நான்தான். இவர் கேலி பேசுகிற கட்சி. எங்கள் கல்யாணம்கூடச் சொந்தத்தில் நடந்தது. ஜாதகம் பார்க்காமல், குலதெய்வத்திடம் பூக் கேட்டு முடித்தார்கள். கோயிலில் எப்போதும் சாமி பேருக்கே அர்ச்சனை செய்வோம். அதனால் இவருடைய நட்சத்திரம் என்னவென்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்லை. இப்போது வாய்விட்டுக் கேட்கிறாரே என்று சந்தோஷமாகப் போனை எடுத்தேன். ஆதார் கார்டில் இருந்த பிறந்த தேதியைப் போட்டேன். ஜூன் ஒன்று. ஆயில்யம், கடக ராசி என்று வந்தது. புதன்கிழமை முழுக்கச் சந்திராஷ்டமம்.

போனை அவரிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்படின்னா புதன்கிழமை வேண்டாம்" என்றார்.

டாக்டரிடம் சொல்லப் போனவள் நான்தான். சந்திரன் எட்டாம் இடத்தில் நிற்கிற நாளில் கத்தி வைக்க விட மாட்டேன், வெள்ளிக்கிழமை வையுங்கள் என்று அடம் பிடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க இஷ்டம். ஆனா ஆஸ்பத்திரியை விட்டு வெளிய போகக் கூடாது. பிரஷர் ஏறக் கூடாது. கனமாத் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, கோபப்படக் கூடாது" என்றார்.

கோபப்படாமல் இருக்கிற ஆளா இவர்? சத்தீஸ்கரில் நிற்கிற வண்டியிலிருந்து போன் வந்தபடி இருந்தது. பிடுங்கி அணைத்து என் பையில் போட்டேன். அவர் இருமினால் ஓடிப் போய் நெஞ்சைத் தடவிக் கொடுத்தேன். பாத்ரூமுக்குள் போனால் கதவுக்கு வெளியே நின்று, "முக்காதீங்க" என்று குரல் கொடுத்தேன். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். "கொஞ்சம் உக்காரு புள்ள" என்பார். உட்கார்ந்தால் அவருடைய சட்டை ஏறி இறங்குவதையே பார்க்கத் தோன்றும். மறுபடி எழுந்துவிடுவேன்.

எங்களுக்கு ஒதுக்கியிருந்த புதன்கிழமையைப் பக்கத்து ரூம் சூரமங்கலத்து அம்மா தெரசம்மாளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவருடைய மகள் சிரித்த முகமாக வந்து, "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன பயன், எரியத்தான் செய்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவருடைய அக்கா, என் நங்கையா சௌந்திரம், திருநீறோடு வந்து சேர்ந்தார். வராந்தாவிலேயே நிறுத்தி, ஆயில்யத்துக்குச் சந்திராஷ்டமம் என்று நான் நாளை மாற்றிய பெருமையைச் சொன்னேன்.

"ஆயில்யமா? ஆரு சொன்னா? அவன் மகமல்லோ!"

"ஆதார்ல ஜூன் ஒண்ணுன்னு இருக்குதுங்களே, நங்கையா?"

"அட, அது பள்ளிக்கோடத்து வாத்தியார் எழுதுனது. பொறந்த தேதி தெரியாத புள்ளைகளுக்கெல்லாம் ஜூன் ஒண்ணுதான். எனக்குந்தான் ஜூன் ஒண்ணு. அவன் கார்த்திகைல பொறந்தவன். மக நட்சத்திரம், சிம்ம ராசி. எனக்கு நல்லா நெனப்பிருக்குது."

மறுபடி போனில் பார்த்தேன். சிம்ம ராசிக்குப் புதன்கிழமையில் ஒரு குறையும் இல்லை. சந்திராஷ்டமம் வெள்ளிக்கிழமை.

நல்ல நாளைத் தூக்கி அடுத்த ரூமுக்குக் கொடுத்துவிட்டு, கெட்ட நாளைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். இவரிடம் சொன்னால் ஞாயிறு, திங்கள் என்று இன்னும் தள்ளுவார். அதுவரை அந்தக் குழாய் தாங்குமா? சொல்லாமல் அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால், அப்புறம் நான் எந்த முகத்தோடு பிழைத்திருப்பது?

"வாயத் தெறக்காத, சாமி" என்றார் நங்கையா. "குழாய் நாளு பாத்தா வெடிக்கும்?"

வெள்ளிக்கிழமை காலையில் பச்சை அங்கி போட்டு அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். தியேட்டர் கதவு வரைக்கும் கூடவே நடந்தேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாகத்தான் நினைத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அக்கா சொல்லிருச்சா?"

நான் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மகம்னு எனக்குத் தெரியும், நர்மதா. சின்னப் பையனா இருக்கறப்ப எங்கம்மா எம் பேருக்கு அர்ச்சனை சொல்றத எத்தன தடவ கேட்டிருப்பேன்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"பயமா இருந்துச்சு. வெட்டி எடுத்துட்டு வேற குழாய் வைக்கறம்னு டாக்டரு சொன்னப்பவே ஊருக்கு ஓடிறலாம்னு தோணுச்சு. அவருகிட்ட எப்படிச் சொல்றது? ரெண்டு நாளு கெடைச்சாப் போதும்னு இருந்துச்சு. நீ தப்பா ஒரு நட்சத்திரத்தக் கொண்டாந்து நீட்டுன. புடிச்சுக்கிட்டேன்."

"இன்னைக்குத்தானுங்க உங்களுக்குச் சந்திராஷ்டமம்!"

"அதுவுந் தெரியும். அன்னைக்கே உன் போன்ல பாத்தேன். ரெண்டு நாளா உன்னயத்தான் பாத்துட்டுக் கெடந்தேன். ஒரு எடத்துல நீ உக்காரல. இனியும் தள்ளுனா எனக்கு முந்தி உனக்கு வெடிச்சிரும்." கையை விட்டார். "போயிட்டு வாரேன்."

கதவு மூடிக்கொண்டது. ஏழு மணி நேரம். ஆத்திரமும் அழுகையும் மாறி மாறி வந்தன. இந்த மனுஷர் பிழைத்து வரட்டும், கேட்கிற கேள்வியில் மறுபடி படுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபடியே வராந்தாவை அளந்தேன். நங்கையா வாங்கி வந்த டீ ஆறிப் போயிருந்தது.

மாலை நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "பிழைச்சுட்டாரும்மா. குழாய் ஒரு பக்கம் காகிதமா இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் தாங்கியிருக்குமான்னு சந்தேகந்தான்."

மறுநாள் காலை ஐசியுவில் ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். வாயில் குழாய் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஓஸ் உப்புனா அன்னைக்கே மாத்தோணும்னு சொன்னவரு நீங்கதானுங்களே?"

கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுப் பக்கம் ஓடியது. முந்தானையால் துடைத்துவிட்டேன். நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட, நான் உட்கார்ந்தேன்.