முன்னறையில் இரண்டு இரவு

ஹிக்மெத், மெலாஹத் அக்காவுக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்தெட்டு லட்சம் லிரா. கேட்கிறவர்கள் மலைத்துப்போவார்கள். ஆனால் அது பழைய பணம். அந்தக் காலத்தில் காய்கறி வாங்கக்கூட லட்சக்கணக்கில் கொண்டுபோக வேண்டும். பிற்பாடு அரசாங்கம் பணத்திலிருந்து ஆறு சைபர்களை வெட்டி எறிந்தது. வெட்டியது போக மிஞ்சியது நாலு லிரா எண்பது குருஷ். நாலு டீ குடித்தால் தீர்ந்துபோகும்.

அந்த நாலு டீக் காசைக் கொடுக்கத்தான் புருஷனும் பெண்டாட்டியுமாக ஸோங்குல்தாக்கிலிருந்து வேன் மாறி அமாஸ்ராவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பல வருஷம் காத்திருந்து, ஹஜ்ஜுக்குக் குலுக்கலில் இந்த வருஷம்தான் அவர்கள் பெயர் விழுந்திருந்தது. பயணம் போகுமுன் ஊரிலே யார் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோமோ அத்தனை பேரிடமும் போய் "ஹலாலாக்குங்க" என்று, அதாவது கணக்கைத் தீர்த்து மனசார மன்னிக்கும்படி, கேட்டு வாங்க வேண்டும். மளிகைக்கடைக்காரர் ஆக்கிவிட்டார். மைத்துனர் ஆக்கிவிட்டார். எப்போதோ அவர் பெண்டாட்டி நஜியே கல்லெறிந்து செத்துப்போன கோழிக்காகப் பக்கத்து வீட்டுக்காரிகூட ஆக்கிவிட்டாள். மிச்சம் இது ஒன்றுதான்.

"வேன் கூலி மட்டும் எவ்வளவு ஆச்சு தெரியுமா?" என்றார் ஹிக்மெத்.

"தெரியும். நான்தானே குடுத்தேன்," என்றாள் நஜியே. "அங்க போய் கஃபாவைச் சுத்தும்போது உனக்கு மெலாஹத் அக்கா மூஞ்சிதான் தெரியும். உன் கூட சுத்தற எனக்கும் அதேதான்."

ஹிக்மெத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேன் மலைமுகட்டைத் தாண்டி வளைந்தது. கீழே ஊர் தெரிந்தது.

இருபத்துநாலு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் குனிந்தே கிடந்தவர் அவர். மண்ணுக்கடியில் மனசு எங்கேயாவது போக வேண்டுமென்றால் இங்கேதான் வரும். கடலுக்குள் கையை நீட்டினாற்போல ஒரு நிலம். கைக்கு இந்தப் பக்கம் ஒரு துறைமுகம், அந்தப் பக்கம் ஒரு துறைமுகம். மணிக்கட்டில் பழைய கோட்டைச் சுவர், அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வீடுகள், ராஜாக்கள் கட்டின கல்லில் யாரோ காயப்போட்ட போர்வை. அதற்கப்பால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். இவ்வளவு வெளிச்சத்தையும் இந்த ஊர்க்காரர்கள் சும்மா அனுபவிக்கிறார்களே என்று அவருக்கு முதல்முறை வந்த அன்றைக்கும் தோன்றியது, இன்றைக்கும் தோன்றியது.

அன்றைக்கு ஒரு நாள் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் வந்தார்கள். கொட்டின மழையில் மலைச்சரிவு ரோட்டில் விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. கையில் திரும்பிப்போகிற காசு மட்டும். மெலாஹத் அக்கா தன் விடுதியில் கடலைப் பார்த்த முன்னறையைத் திறந்துவிட்டாள். இரண்டு இரவு படுக்கை, இரண்டு வேளை மீன், மலைபோல சாலட். "சம்பளம் வந்ததும் அனுப்பு தம்பி," என்றாள். சம்பளம் வந்தது. வந்ததும் வாடகை ஏறியது, மாவு ஏறியது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளியதில் அந்தப் பணமே தேய்ந்துபோய், அனுப்பினால் கேலி செய்கிறாற்போல ஆகிவிடும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. வெட்கத்தில் ஊர்ப்பக்கமே வராமல் பதினேழு வருஷம் ஓடிப்போயிற்று.

சின்னத் துறைமுகத்தருகே டீக்கடை துர்சுனிடம் விசாரித்தார்கள்.

"மெலாஹத் அக்காவா? இருக்கா. அவ உள்ள விட்டாத்தானே சாவு வரும்," என்றான் துர்சுன். கையில் டீத் தட்டு இருந்தது. "அங்கதான் போறேன். கூடவே வாங்க. நீங்க யாரு?"

"கடன்காரங்க," என்றாள் நஜியே.

"அப்படின்னா நீங்க முன்னால நடங்க. நான் பின்னால வர்றேன்."

கோட்டை வாசலைத் தாண்டியதும் மூன்றாவது வீடு. வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கிழவி தலை நிமிர்ந்தாள். ஹிக்மெத் வாயைத் திறக்குமுன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சுரங்கக்காரன்," என்றாள்.

"ஞாபகம் இருக்காக்கா?"

"மறக்க விட்டாங்களா? என் வீட்டுக்காரர் காதிர் சாகிற வரைக்கும், கதவை யாராவது தட்டினா போதும், 'போய்ப் பாரு, உன் சுரங்கக்காரன் மூட்டை கட்டிப் பணம் கொண்டாந்திருக்கான்'னு சொல்வாரு. யாருக்காவது கடன் குடுக்கப் போனா, 'இவனும் சுரங்கக்காரனா?'ன்னு கேப்பாரு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டும் கேட்டாரய்யா."

துர்சுன் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

ஹிக்மெத் உறையை நீட்டினார். உள்ளே முந்நூறு லிரா. விஷயத்தைச் சொன்னார். ஹஜ், குலுக்கல், எல்லாம். கடைசியில், "ஹலாலாக்கிடுங்க அக்கா," என்றார்.

மெலாஹத் உறையைப் பிரித்துப் பார்த்து, எண்ணாமலே திருப்பி வைத்தாள். "நாலு லிரா எண்பது குருஷ்தான் எனக்கு வரணும். மேல வாங்கினா வட்டி. ஹஜ்ஜுக்குப் போறவன்கிட்ட என்னை வட்டி வாங்கச் சொல்றியா?"

"தங்கத்துல கணக்குப் போடுங்க," என்றான் துர்சுன். "அப்போ அந்தக் காசுக்கு மூணு கிராம் தங்கம் வரும். இன்னிக்கு மூணு கிராம் என்ன விலையோ, அது வட்டி ஆகாது."

"நான் இவனுக்குத் தங்கமா குடுத்தேன்? மெத்தையும் மீனும் குடுத்தேன். நீ டீயைக் குடுத்துட்டுப் போடா."

"சரி, நாலு எண்பதையே வாங்கிக்கிட்டு ஹலால் சொல்லிடுங்களேன்," என்றார் ஹிக்மெத். நின்றதில் அவருக்கு மூச்சு இரைத்தது.

கிழவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "வாயால சொல்றதுக்கு என்ன தம்பி, இப்பவே சொல்வேன். ஆனா உள்ளுக்குள்ள இன்னும் வலிக்குது. மனசுல இல்லாததைச் சொன்னா எனக்குப் பொய், உனக்குப் பிரயோஜனமில்ல. அவ்வளவு தூரம் போற. ஓட்டைப் பையோட போகாதே."

ஹிக்மெத்துக்குச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் அந்தக் கிழவியின் மேல் மதிப்பு கூடிக்கொண்டேதான் போயிற்று. மளிகைக்காரர், மைத்துனர், எல்லாரும் தலையைக்கூட நிமிர்த்தாமல் 'ஹலால், ஹலால்' என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வார்த்தைக்கு இத்தனை கனம் உண்டென்று இவள் ஒருத்திதான் நினைத்திருக்கிறாள். ஆனால் அவளிடம் வாங்காமல் விமானம் ஏற முடியாது. அதுவும் அவருக்கு இப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது.

அவரைக்காயை எடுத்து நறுக்கத் தொடங்கியிருந்த நஜியே கேட்டாள்: "அக்கா, அந்த முன்னறை காலியா?"

"காலிதான். சீசன் முடிஞ்சுபோச்சே."

"ராத்திரிக்கு என்ன வாடகை?"

"நூறு லிரா."

"ரெண்டு ராத்திரிக்கு நாங்க எடுத்துக்கறோம். இந்தாங்க இருநூறு. இது இன்னிக்கு விலை, வியாபாரம். வட்டி இல்லியே?"

"இல்லதான்."

"நாங்க எடுத்த ரூம்ல யாரைத் தங்க வைக்கிறதுன்னு நாங்கதானே சொல்லணும்? அங்க நீங்க படுக்கறீங்க. ரெண்டு ராத்திரி. ரெண்டு வேளை மீன், சாலட். எங்க கையால. நீங்க படுக்கற இடத்துல நாங்க படுத்துக்கறோம். மெத்தைக்கு மெத்தை, மீனுக்கு மீன்."

துர்சுன் வாய் பிளந்தான். "அக்கா, இந்தப் பொம்பளையை ஊருக்குத் திருப்பி அனுப்பாதீங்க. நம்ம கோர்ட்டுல உக்கார வைக்கலாம்."

மெலாஹத் சிரிக்கவில்லை. யோசித்தாள். விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தாள். பிறகு, "வீட்டுல அங்காராக்காரங்க ஒரு குடும்பம் இருக்கு. காலைச் சாப்பாட்டை யார் பார்ப்பா?" என்றாள்.

"ஹிக்மெத் பார்ப்பான்," என்றாள் நஜியே.

முதல் நாள் எல்லாமே தப்பாகப் போயிற்று. மீன் ஒரு பக்கம் கருகியது. சாலட்டில் ஊறுகாய் குறைவு, முள்ளங்கி தடிமன் என்று விருந்தாளி மெலாஹத் மேஜையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினாள். இடையிடையே தன்னை மறந்து தட்டைக் கழுவ எழுந்தாள். "விருந்தாளி உக்காரணும்," என்று நஜியே அதட்டினாள். காலையில் மெலாஹத் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அந்த மெத்தை நடுவுல குழிஞ்சு கெடக்கு. ஜன்னல் கொக்கி ராத்திரி பூரா தாளம் போடுது. இதுக்கா நான் நூறு லிரா வாங்கறேன்? ஒருத்தனும் சொல்லலையே."

"உங்ககிட்ட யாருக்கா சொல்வா," என்றார் ஹிக்மெத், அங்காராக்காரர்களுக்கு முட்டையைக் கொண்டுபோனபடி.

அன்றைக்கு மத்தியானம் அவர் கொக்கியை முடுக்கினார். மெத்தைக்கடியில் பலகை வைத்தார். பிறகு மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போனார். போன வேலையை மறந்து கல்பாலத்தின்மேல் நின்றுவிட்டார். தண்ணீர் பாலத்துக்கடியில் அடியிலுள்ள கல்லெல்லாம் தெரியும்படி கிடந்தது. கோட்டைச் சுவர் வெயிலில் தேன் நிறமாக இருந்தது. சுவரடியில் கீரை விற்கிற கிழவிகள் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருமல் வராமல் இவ்வளவு நீளமாக மூச்சு இழுத்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டார். மீன்காரன் கூப்பிட்டான்: "ஹாஜியாரே, வேடிக்கை பார்க்கக் காசில்ல. மீனுக்குத்தான் காசு." ஊர் முழுக்க துர்சுன் சொல்லி வைத்திருந்தான்.

அன்றைய மீன் கருகவில்லை. மெலாஹத் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, எந்தக் குறையும் சொல்லாமல் மாடிக்குப் போனாள்.

மறுநாள் வெயில் ஏறியும் அவள் இறங்கி வரவில்லை. அங்காராக்காரர்கள் சாப்பிட்டுப் பணம் கொடுத்துக் கிளம்பிவிட்டார்கள். டீ கொண்டுவந்த துர்சுனும் கலவரப்பட்டுப் படியைப் பார்த்தான். கடைசியில் ஹிக்மெத்தே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு ஏறினார்.

ஜன்னல் அகலத் திறந்திருந்தது. மெலாஹத் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, போர்வையைத் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் பறவைக் கூட்டம்.

"நாற்பது வருஷமா இந்தக் கண்ணாடியைத் துடைக்கிறேன்," என்றாள் திரும்பாமலே. "அழுக்கு போச்சான்னு பார்ப்பேன். அதைத் தாண்டிப் பார்த்ததில்ல. இதுக்குத்தான் வர்றாங்களா இவங்கெல்லாம்?"

"நான் இதுக்குத்தான் வந்தேன்."

"காதிரும் பார்க்கல. அவரையும் ஒரு நாள் இங்க படுக்க வெச்சிருக்கலாம்." டீயை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். "சர்க்கரை ஜாஸ்தி. சரி, உக்காரு."

ஹிக்மெத் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சத்தம் கேட்டு நஜியேயும் வந்து கதவோரம் நின்றாள்.

"தம்பி, கணக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. நீ பணம் அனுப்பாத ஒவ்வொரு தடவையும், அவரு என்னைக் குத்தின ஒவ்வொரு தடவையும், நான் உன்னைத் திட்டியிருக்கேன். உன் குடும்பத்தையும் சேத்து. இந்தப் பொண்ணைக்கூட விடல. முதல்ல நீங்க எனக்கு ஹலாலாக்குங்க."

"ஹலால் அக்கா," என்றார் ஹிக்மெத். நஜியேயைப் பார்த்தார்.

"என்னன்னு திட்டுனீங்க?" என்றாள் நஜியே.

"அதைக் கேட்டா நீ ஆக்க மாட்டே."

நஜியே அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "ஹலால் அக்கா. ஹலால்."

மெலாஹத் டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள். கையைத் தன் நெஞ்சில் வைத்துச் சற்று நேரம் இருந்தாள். உள்ளே இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறாற்போல இருந்தது.

"என்னுடையதும் ஹலால்," என்றாள். "நிம்மதியாப் போயிட்டு வாங்க."