சொல்தாவின் வலது முன்னங்கால்

அஞ்சலாட்சியின் நாய்க்குக் காலில் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில், அந்தக் காலின் வலி நாயை விட்டுவிட்டு எதிர்வீட்டு இராமதாஸின் வலது காலுக்குக் குடிபோனது. முதலியார்பேட்டையில் மூடிக்கிடக்கும் மில்லுக்குப் பின்னாலுள்ள அந்தத் தெருவில் இதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. முதல்நாள் வரை காலைத் தூக்கிக்கொண்டு முனகிய நாய் அன்று காலையில் நான்கு காலையும் ஊன்றி ஓடியது. இராமதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போனார். தள்ளுவண்டிக்காரனிடம் கத்தரிக்காய் விலை இறங்கியதைப் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அதையும் ஒரு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போனார்கள்.

நாயின் பெயர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். அப்படி ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பிறந்ததால் குட்டிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பட்டாளத்துப் பெயருக்கு அது குறை வைக்கவில்லை. தபால்காரர், சிலிண்டர் போடுகிறவர், ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரர்கள் என்று பாரபட்சம் பார்க்காமல் கடித்தது. தெருவில் ஒருவருக்கும் அதைப் பிடிக்காது. அஞ்சலாட்சிக்குத் தெருவில் ஒருவரையும் பிடிக்காது. வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை துடைத்துப் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை அவளுக்கு. அங்கே நாள் முழுக்கச் சிரித்துவிட்டு வருவதால் வீட்டுக்கு வரும்போது முகத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று அவளே சொல்லுவாள். இராமதாஸ்மீது அவளுக்கிருந்த வெறுப்பு தனி. மில்லை மூடியபோது அவள் புருஷன் கடைசிவரை வாசலில் கொடியோடு உட்கார்ந்திருந்தான். இராமதாஸ் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு விலகுவதாக முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து லோடு ஆட்டோ வாங்கினார். புருஷன் கொடியைச் சுருட்டாமலே செத்துப்போனான். அதற்குப் பிறகு எதிரெதிர் வாசலில் இருந்துகொண்டு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வருஷம் தன் கணுக்காலைக் கவ்விய சொல்தாமீது இராமதாஸ் அரைச் செங்கல்லை எடுத்து எறிந்தார். அது வலது முன்னங்காலில் பட்டது. இதை அவரும் மறுக்கவில்லை.

கல் பட்ட காலிலேயே வீக்கம் வந்ததுதான் வினை. அஞ்சலாட்சி நாயைப் பாதி தூரம் நடத்தி, பாதி தூரம் தோளில் போட்டுக்கொண்டு பிராணிகள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் செந்தமிழ்ச்செல்வி சின்னப் பெண், பொறுமைசாலி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, எலும்பில் புற்று என்றும், நுரையீரலுக்குப் போவதற்குள் காலைத் தோளோடு எடுத்துவிட வேண்டும் என்றும், நாய்கள் மூன்று காலில் நன்றாகவே ஓடும் என்றும் சொல்லி, நாளும் குறித்துக் கொடுத்தார். அஞ்சலாட்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"செங்கல்லால அடிச்சா இது வருமா டாக்டரம்மா?"

அடிபட்டதால் வருவதில்லை, தானாக வருவது என்றார் டாக்டர். அஞ்சலாட்சி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். நம்பவில்லை. தானாக வந்த நோய் என்றால் யாரைத் திட்டுவது? வழியெல்லாம் அழுதாள். அந்த நாய் இல்லாவிட்டால் அவள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது எழுந்து நிற்க ஒரு ஜீவன் இல்லை. அது முனகுவதைக் கேட்டால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நேராக அங்காளம்மன் கோயிலுக்குப் போனாள். கோயில் வாசலில் உருக் கடை வைத்திருப்பவள் செல்வாம்பாள். உடம்பில் எங்கே நோவோ அந்த இடத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போட்டால் அம்மன் பார்த்துக்கொள்வாள். கண், கை, கால், வயிறு, தொட்டிலோடு குழந்தை எல்லாம் செல்வாம்பாளிடம் கிடைக்கும். பசுமாடுகூட உண்டு. நாய் இல்லை, நாய்க்கால் அறவே இல்லை. முன்னங்கால் என்றால் அது கைதானே, கையை வாங்கிப் போடு என்றாள் செல்வாம்பாள். தரையில் ஊன்றுவதெல்லாம் கால்தான் என்றாள் அஞ்சலாட்சி. பூக்காரி ஒரு பக்கமும் செருப்புப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பக்கமும் சேர்ந்துகொள்ள, வாக்குவாதம் உச்சிக்கால பூஜை மணி அடிக்கும்வரை நடந்தது. கடைசியில் அவள் மனுஷக் கால் ஒன்றை, வலதுகாலாகப் பார்த்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வேண்டுதலையும் வாய்விட்டே சொன்னாள்.

"தாயே, இந்த வலி இதுக்கு வாணாம். கல்ல எறிஞ்சவன் கால்ல போய் நிக்கட்டும். அவனுக்கு அப்புறம் எங்க தெருவுல எவனுக்கு வேணா, எவளுக்கு வேணா குடு. என் நாய்க்கு மட்டும் வாணாம்."

அம்மனுக்குக் கிடைத்தது மனுஷக் கால். அவள் அதன்படிச் செய்தாள்.

இராமதாஸ் மூட்டு டாக்டரைப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். எலும்பு கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் அவருக்குச் சரியாகிவிட்டது. வலி பக்கத்து வீட்டு ஆதிமூலத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்து மாடிவீட்டுக்கு, அங்கிருந்து கடைசி வீட்டு ராஜாம்பாளுக்கு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் தங்கியது, பெரியவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டது, எப்போதும் வலது கால்தான். அஞ்சலாட்சி வீட்டை மட்டும் தாண்டிப் போனது. அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நொண்டிக்கொண்டு போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததைத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. சொல்தா நல்ல காலில் ஓடிப்போய், நொண்டுகிறவர்களைச் சுலபமாகக் கடித்தது.

உருக் கடை வாக்குவாதத்தைப் பூக்காரி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். தெருக்காரர்கள் திரண்டு வந்து வாசலில் நின்றார்கள். டாக்டரே எடுக்கச் சொன்ன காலை எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே, கால் போனால் வலியும் போகுமே என்பது அவர்கள் கட்சி. ஆதிமூலம் நியாயமாகத்தான் பேசினார். ஆனால் பின்னாலிருந்து ராஜாம்பாள், "கால எடுக்கறது இன்னாத்துக்கு, ஒரே ஊசியா போட்டுட்டா தெருவே நிம்மதியா தூங்கும்" என்றாள். அதோடு காரியம் கெட்டது. அஞ்சலாட்சி உள்ளே போய்க் கழுவுதண்ணி வாளியோடு வந்தாள். இவர்கள் எடுக்கச் சொன்னதாலேயே காலை எடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். குறித்த நாள் வந்தது, போனது. நாய்தான் ஓடுகிறதே, வலியே இல்லாத நாய்க்கு எதற்கு ஆபரேஷன் என்று கெஸ்ட் ஹவுஸில் கேட்டவர்களிடமும் சொன்னாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவில் இருந்த யாவரும் அவளைச் சபித்தார்கள். அவள் திருப்பிச் சபித்தாள். வலி தன் பாட்டுக்குச் சுற்றி வந்தது.

அந்த மழையில்தான் வலி சின்னப்பாப்பாவைப் பிடித்தது. அவள் அந்தத் தெருக்காரியே இல்லை. குருசுக்குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து விற்கிறவள். ஆட்டோக்காரர்கள் வராத நாளில் ராஜாம்பாள் வீட்டு வராந்தாவில் படுத்தெழுந்து போவாள், அப்படித் தங்கிய நாளில் மாட்டிக்கொண்டாள். சொல்தா கடிக்காத ஒரே ஆள். மீன் அரியும்போது தலையும் வாலும் அதற்கென்று ஒதுக்கி வைப்பாள். காலை நீட்டி, கூடையை ஓரமாக வைத்துக்கொண்டு அவள் மழையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அஞ்சலாட்சிக்குச் சங்கடமாகிவிட்டது. டீ கொண்டுவந்து கொடுத்தாள். சின்னப்பாப்பா டீயை வாங்கவில்லை. ஒரு கையால் நாயைப் பக்கத்தில் இழுத்து, அதன் முன்னங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். வீக்கம் கொட்டாங்கச்சி அளவுக்கு வந்திருந்தது.

"வலி எங்கிட்ட இருக்குது அஞ்சல. சீக்கு அதுங்கிட்டதான இருக்குது. நீ ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிக்கினியா?"

அஞ்சலாட்சி டீயைக் கீழே வைத்துவிட்டுத் தானும் தொட்டுப் பார்த்தாள். நாய் முனகவில்லை, வாலை ஆட்டியது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முனகியிருந்தால் எப்போதோ தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். மழையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். செந்தமிழ்ச்செல்விக்குப் பொறுமை போயிருந்தது. நுரையீரல் இன்னும் தப்பித்திருப்பது இவள் செய்த புண்ணியம் இல்லை, நாய் செய்தது. நாளைக் காலை கொண்டுவராவிட்டால் இனி இந்தப் படியேற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அஞ்சலாட்சி யார் பேச்சையும் கேட்டுக்கொண்டு நின்றதில்லை. அன்றைக்கு நின்றாள்.

மறுநாள் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர்கள் எல்லோரையும் சொல்தா ஒருமுறையாவது கடித்திருந்ததால் ஒருவரும் வரவில்லை. போர்வையில் சுற்றிய நாயோடு அவள் வாசலில் நிற்பதை எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இராமதாஸ், கடைசியில் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரக்கம் ஒன்றும் இல்லை. அன்று காலை வலி சுற்றிக்கொண்டு மறுபடி அவரிடம் வந்திருந்தது. அந்தக் கால் ஒழிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது அவருக்கு. வலது கால் என்பதால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவள் பின்னால் நாயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மயக்க மருந்தை நாய்க்குத்தான் போட்டார்கள். இதை முன்கூட்டி யாரும் யோசிக்கவில்லை. உள்ளே கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இராமதாஸ் தொடையைப் பிடித்துக்கொண்டு அலறினார். பூனைக் கூடையோடு வந்திருந்தவர்கள் எழுந்து ஓரமாகப் போனார்கள். அவர் அஞ்சலாட்சியின் தாயைத் திட்டினார், நாயைத் திட்டினார், மில்லைத் திட்டினார், செத்துப்போன அவள் புருஷனைப் பெயர் சொல்லித் திட்டினார். பெஞ்சிலிருந்து சரிந்தவரை அவள்தான் பிடித்து உட்கார வைத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு விடவில்லை. இந்த மனுஷன் துடிக்க வேண்டும் என்று அம்மனிடம் கேட்டவள் அவள்தான், கேட்டது கண்முன்னே நடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

"டாக்டரம்மா, சீக்கிரம் முடிங்கம்மா" என்று மூடிய கதவைப் பார்த்துக் கத்தினாள். பிறகு அவரிடம், "கடிச்சிக்கோய்யா" என்று தன் முந்தானையைச் சுருட்டிக் கொடுத்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் கடித்துக்கொண்டார்.

நாய் பிழைத்தது. கண் விழித்ததும் டாக்டர் கையைக் கடிக்கப் பார்த்தது. நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம் என்றார் செந்தமிழ்ச்செல்வி. தையல் பிரிப்பதற்குள் மூன்று காலில் தெருவைச் சுற்றப் பழகிவிட்டது. ஆனால் தெரு எதிர்பார்த்தது நடக்கவில்லை. எடுத்துவிட்ட காலும் சில சமயம் வலிக்கும், மனுஷர்களுக்கும் அப்படி உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இல்லாத அந்தக் காலின் வலி முன்னைவிடக் குறைந்து, ஆனால் நிற்காமல், வீடு வீடாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நாள் கத்திப் பார்த்துவிட்டு, தெரு அதற்கும் வழி செய்துகொண்டது. முனிசிபாலிட்டிக் குழாய்க்குக் குடம் வைக்கிற அதே வரிசை. கல்யாணம், சீமந்தம் உள்ள வீட்டார் அடுத்த வீட்டில் சொல்லி முறையை மாற்றிக்கொண்டார்கள். சொன்னால் வலி கேட்டது. முகம் கொடுத்துப் பேசாதவர்களும் இதற்காகப் பேச வேண்டியிருந்தது, திட்டிக்கொண்டே பேசினார்கள்.

அஞ்சலாட்சி வீட்டை மட்டும் அது தாண்டியே போனது. முதலில் பெருமையாக இருந்தது. பிறகு குழாயடியில் அவள் காதுபட, "நாய் அவளுது, கால் நம்மளுது" என்று ராஜாம்பாள் சொன்னாள். அது அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தன் நாயின் கால் எல்லோர் வீட்டுக்கும் போகிறது, தன் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாள் செல்வாம்பாளிடம் போய் இன்னொரு கால் கேட்டாள்.

"இப்ப யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உன் கால் நல்லாத்தான இருக்கு?"

"அதான்."

அந்த முறை வேண்டுதலை வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். வரிசையில் தன் வீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள் என்பது பிறகு தெரிந்தது. மற்றபடி அவள் திருந்திவிட்டதாக யாரும் எழுதி வைக்க வேண்டாம். கழுவுதண்ணியை இராமதாஸின் ஆட்டோ டயரில்தான் ஊற்றுகிறாள்.

தை பிறந்து அவள் முறை வந்தது. படுக்கையிலிருந்து வலது காலைக் கீழே வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குறைந்துபோன வலியே இது என்றால், முன்பு அது எப்படி இருந்திருக்கும்? "இதையா வச்சிக்கினு இருந்த நீ" என்று நாயைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். சொல்தா மூன்று காலில் தத்தி வந்து, அவள் முழங்காலுக்குக் கீழே முகர்ந்து, நோகிற இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து நக்க ஆரம்பித்தது. தன் காலை நக்குகிற மாதிரியே நிதானமாக நக்கியது. திறந்த கதவு வழியாகப் பார்த்த இராமதாஸ், "நல்லா வோணும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

மறுநாள் முறை ராஜாம்பாளுடையது. கட்டிலில் காலை நீட்டி, தைலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை காத்திருந்தாள். வலி வரவில்லை. அஞ்சலாட்சி அதைப் போகவிடாமல் தன்னிடமே இன்னொரு நாள் வைத்துக்கொண்டாள் என்று தெரிந்ததும் வாசலுக்கு வந்து, முறையை மாற்றினால் முன்னாடியே சொல்ல வேண்டாமா, இருக்கிற வேலையெல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேனே என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள்.