மோட்டார் ரூம் சாவி

மனு பரிசீலனைக்கு வந்திருந்தவர்கள்: தேர்தல் அலுவலர், ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கும் முத்துராஜ், அவருடைய வக்கீல் ஜெரால்டு, எதிர்த்து நிற்கும் இருளாண்டி, இருளாண்டியின் சட்டைப் பையில் ஊராட்சி மோட்டார் ரூம் சாவி.

கடைசி ஆளான சாவி வந்திருக்கக் கூடாது.

இருளாண்டி ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். ஊராட்சியில் சம்பளம் வாங்குகிறவன் தேர்தலில் நிற்க முடியாது என்பதால் போன மாதமே ராஜினாமா கொடுத்துவிட்டார். சாவியை வாங்கிக்கொள்ளத்தான் நாதி இல்லை. காலையில் குழாயடியில் குடம் உருண்டால் அவர் கால் தானாக மோட்டார் ரூமுக்குப் போய்விடும்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். சாவியும் கூடவே மேஜையில் விழுந்தது. முத்துராஜ் பாய்ந்து எடுத்தார்.

“வேலைய விட்டவருக்கு இது எதுக்குங்க? மனுவத் தள்ளுங்க.”

யார் வீட்டுப் பீரோ சாவியோ என்றார் அலுவலர். மோட்டார் ரூம் பூட்டு இதில் திறக்கிறது என்று வீடியோ எடுத்து, சாவியோடு மூன்று மணிக்குள் நேரில் வந்தால் தள்ளுபடி, வராவிட்டால் ஏற்பு. பிறகு கோர்ட்டுக்குப் போனால் கேஸ் முடிவதற்குள் பதவிக்காலமே முடிந்துவிடும் என்று ஜெரால்டு முத்துராஜின் காதில் ஓதினார்.

முத்துராஜ் அறந்தாங்கியிலிருந்து ஊருக்குப் புல்லட்டில் பறந்தார். பின்னாலேயே இருளாண்டி, தன் பழைய டிவிஎஸ்ஸில்.

பூட்டு திறந்தது. வீடியோ எடுத்தாயிற்று. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பூட்டைக் கொண்டியில் தொங்கவிட்டார் முத்துராஜ். அப்போதே கிளம்பியிருந்தால் ஜெயித்திருப்பார். கதவு திறந்ததைப் பார்த்து மீனம்மாள் குடத்தோடு வந்து நின்றாள்.

“தொறந்ததுதான் தொறந்தீங்க, மோட்டாரப் போட்டுட்டுப் போங்கண்ணே. ஓட்டு மட்டும் வேணும், தண்ணிக்கு நாங்க கட்டுமாவடி கடலுக்கா போறது?”

ஓட்டு என்ற சொல் முத்துராஜை உள்ளே இழுத்தது. மோட்டார் இரைந்தது.

இருளாண்டி வாசலில் நின்று யோசித்தார். உள்ளே ஜன்னல் கிடையாது. பாம்புக்குப் பயந்து கதவுக்கடியில் சிமெண்டு பூசியதும் அவரேதான்; உள்ளேயிருந்து சாவியை வெளியே தள்ளக்கூட இடுக்கு இல்லை. இந்த இரைச்சலில் முத்துராஜ் போனில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மோட்டாரை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் குழாயடியில் ஓட்டுப் போகும்.

“தண்ணி நல்லா வருதா ஆத்தா?” என்று மீனம்மாளைக் கேட்டார்.

“வருதுண்ணே.”

“அப்ப ஓடட்டும்.”

கதவைச் சாத்தினார். அது அமுக்குப் பூட்டு, பூட்டுவதற்குச் சாவி வேண்டாம். அமுக்கினார்.