நெற்றியில் எழுதிய நேரம்

பதினேழு வருஷம் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தேன். ஊசி, தையல், எலும்பு முறிவுக்குக் கட்டு என்று எல்லாம் என் கையால் செய்தவன். இப்போது தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, பைக்கை ஓரமாக விடச் சொல்லி விசில் ஊதுகிறேன்.

வார்டு உதவியாளர் வேலைக்குத்தான் வந்தேன். மேனேஜர் கலைமணி என் ராணுவச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது இங்க செல்லாதுங்க மாதப்பன். நம்ம டிரெய்னிங் சென்டர் சர்டிபிகேட் இருந்தாத்தான் வார்டுக்குள்ள விடுவோம். அதுல சேர வயசு முப்பதுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு முப்பத்தொம்பது. மிலிட்டரிக்காரருங்கறதால செக்யூரிட்டி வேலை உடனே போட்டுத் தரேன்."

வீட்டில் இரண்டு பிள்ளைகள். பல்லைக் கடித்துக்கொண்டு சீருடையை வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் ஏரியூரிலிருந்து சென்னப்பன் என்பவரை ஒரு வேனில் கொண்டுவந்தார்கள். டிராக்டர் கலப்பையில் கால் மாட்டி, ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சர் வரும்வரை காத்திருந்தால் ஆள் போய்விடுவார். என் பெல்ட்டைக் கழற்றி, ஒரு குச்சியைச் செருகித் தொடையில் முறுக்கிக் கட்டினேன். ரத்தம் நின்றது. பேனாவை எடுத்து அவர் நெற்றியில் 'கட்டு 10.40' என்று எழுதினேன். ராணுவத்தில் அப்படித்தான். சீட்டு தொலைந்துபோகும், நெற்றி தொலையாது. எத்தனை நேரமாகக் கட்டு இருக்கிறது என்பது தெரியாவிட்டால் காலே போய்விடும்.

சென்னப்பனுக்குக் காலும் பிழைத்தது, உயிரும் பிழைத்தது. "செக்யூரிட்டி நோயாளியைத் தொடலாமா" என்று கலைமணி எனக்கு மெமோ கொடுத்தார். டாக்டர் கோகிலவாணி வேறு மாதிரி. "நெத்தியில எழுதுனது யாருங்க? நம்ம டிரெய்னிங் சென்டர் பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் குடுங்க" என்றார்.

நான்கு சனிக்கிழமை, இருபது பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். காக்கிச் சட்டையோடுதான். முதல் நாள் சிரித்தவர்கள், கடைசி நாள் கண்ணை மூடிக்கொண்டு கட்டுப் போட்டார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. வார்டுக் கதவு திறந்துவிடும் என்று நம்பினேன்.

நேற்று அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் 'ரத்தப்போக்கை நிறுத்தும் அவசரப் பயிற்சி பெற்றவர்' என்று ஒரு வரி இருந்தது. எல்லாரும் போன பிறகு கலைமணியிடம் போனேன்.

"சார், எனக்கும் ஒண்ணு குடுத்தீங்கன்னா வார்டுக்கு எழுதிப் போடுவேன்."

அவர் பட்டியலில் விரலை ஓட்டி நிதானமாகத் தேடினார்.

"நீங்க எங்கங்க படிச்சீங்க? சொல்லித்தானே குடுத்தீங்க."

பட்டியலை மூடிவிட்டு ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார்.

"சர்டிபிகேட் வாங்குன பிள்ளைங்க வண்டியெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில நிக்குது பாருங்க. கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க."

வெளியே வந்து விசிலை ஊதினேன். "சாரிங்க சார்" என்றபடி என் மாணவர்கள் வண்டியை நகர்த்தினார்கள்.