பெட்டி யோசிக்கட்டும்

காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், கண்டக்டர் வீட்டு மொட்டை மாடியில் ஆண்டெனா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டிவியில் பாடுகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நிழல் முளைக்கும். கண்டக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாடிக்கு ஏறுவார். அவர் மனைவி கீழே டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொள்வாள்.

"வருதா?"

"வரல."

"இப்ப?"

"லேசா வருது."

"இப்ப?"

"போங்க, இருந்ததும் போச்சு."

நாள் முழுக்க பஸ்ஸில் கத்திவிட்டு வருகிற மனுஷன் வீட்டில் வாயைத் திறக்கமாட்டார். கல்யாணமானதிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதை எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசி இந்த வருதா, வரலதான். அக்கம்பக்கத்தில் அதைச் சண்டை என்று நினைத்தார்கள். கண்டக்டர் அதைக் குடித்தனம் என்று நினைத்தார்.

அதில்தான் மண் விழுந்தது.

இந்த மாதக் கடைசியோடு பழைய சிக்னலை நிறுத்திவிடுவார்கள், இனி எல்லாம் டிஜிட்டல், பழைய டிவி வைத்திருக்கிறவர்கள் ஒரு பெட்டி வாங்கி மாட்டினால்தான் படம் தெரியும் என்று அறிவிப்பு வந்தது. வீடு வீடாகப் போய் அதைப் புரியவைக்க ஒளிபரப்பு அலுவலகம் ஆள் எடுத்தது. கண்டக்டரின் மனைவி போய் நின்றாள். டிவியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். "படம் வருதா வரலையான்னு தெரியும்" என்றிருக்கிறாள். அந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டார்கள்.

வேலை இதுதான். பெட்டி மாட்டத் தெரிந்த ஒருவரோடு தெருத்தெருவாகப் போக வேண்டும். அவர் மாடியில் ஏறி ஆண்டெனாவைத் திருப்புவார். இவள் கீழே டிவி முன்னால் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

இதைக் கேட்டபோது கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ நாக்கைச் சுட்டது. அது அவருக்குத் தெரியவில்லை.

"யாரு அந்த ஆளு?"

"பெட்டிக்காரர்னு சொல்றாங்க. நல்ல மாதிரி. அதிர்ந்து பேச மாட்டார்."

அதிர்ந்து பேசமாட்டாராம். கண்டக்டர் டம்ளரை நங்கென்று கீழே வைத்தார்.

"நீ அவரை எப்படிக் கூப்பிடுவ?"

"சார்னு."

"அண்ணேன்னு கூப்பிடலாமே."

"என்னைவிடச் சின்னவருங்க."

"அப்ப தம்பின்னு கூப்பிடு."

"இது ஆபீஸ் வேலைங்க. சொந்தக்காரங்க வீட்டுக்கா போறேன்?"

அண்ணே என்ற ஒற்றைச் சொல்லை நம்பி உலகத்தில் எத்தனையோ கணவன்மார்கள் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்கள். கண்டக்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சார் என்பது என்ன முறை? மாமனா, மச்சானா? எந்தப் பக்கமும் பிடி கொடுக்காத வழுக்கல் வார்த்தை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவருடைய பஸ் போகிற வழியிலேயே அவர்களுக்கு வேலை விழுந்தது. மருந்துக்கடை ஸ்டாப்பில் பஸ் நின்றபோது, எதிர்வீட்டு மாடியில் ஒருவர் ஆண்டெனாக் குழாய்க்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நல்ல உயரம். இஸ்திரி கலையாத சட்டை. ஆண்டெனா திருப்புகிறவனுக்கு இஸ்திரி எதற்கு என்று கண்டக்டர் நினைத்து முடிப்பதற்குள் கீழே ஜன்னலிலிருந்து அந்தக் குரல் வந்தது. ஊரிலுள்ள ஹாரனெல்லாம் ஒன்றாக அலறினாலும் அவருக்கு அடையாளம் தெரிகிற குரல்.

"அப்படியே நில்லுங்க சார். அவசரமே இல்ல. நான் பாத்துட்டே இருக்கேன்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை.

அவசரமே இல்லையாம். தன்னிடம் ஒருநாளாவது இப்படிச் சொல்லியிருக்கிறாளா? தனக்கு வாய்த்ததெல்லாம் 'இருந்ததும் போச்சு'.

முன்னாலிருந்து டிரைவர் திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்ளே, விசிலை முழுங்கிட்டியா?"

"இறங்கறவங்க இருக்காங்க."

"இறங்கினவங்க வீட்டுக்குப் போய்க் கால் கழுவியிருப்பாங்க."

பஸ் மொத்தமும் சிரித்தது. டிரைவர் அவர் பார்வை போன பக்கம் பார்த்தார். "அட, நம்ம தங்கச்சி குரல். மேல நிக்கறது யாரு, சினிமாக்காரர் கணக்கா இருக்காரு?"

கண்டக்டர் விசிலை ஊதிய ஊதலில் முன்சீட்டுக் குழந்தை அழுதது. டிரைவரைப் பாருங்கள், குரலைக் கேட்ட மாத்திரத்தில் தங்கச்சி என்றுவிட்டார். மனுஷன் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்.

வீட்டில் பீரோ மேல் அவர்களுடைய பெட்டி அட்டை பிரிக்காமல் கிடந்தது. மாட்டிவிடலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம், பழைய படத்துக்கு என்ன குறைச்சல் என்று கண்டக்டர் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"நாளைக்குக் காலைல எங்க ஆபீஸ் மேடம் நம்ம வீட்டைப் பாக்க வராங்க. வேலைக்குச் சேந்தவங்க வீட்டுலயே பெட்டி ஓடலைன்னா நிறுத்திடுவாங்களாம். போற வீட்டுலயெல்லாம் முதல்ல உங்க வீட்டுல மாட்டியாச்சான்னுதான் கேக்கறாங்க. நான் எச்சிலை முழுங்கிட்டு நிக்கறேன்." கொஞ்சம் தயங்கினாள். "சாரை வரச் சொல்லட்டுமா? சின்ன வேலைதான்."

"என் மாடியில நான் ஏறிக்கறேன்."

"உங்களுக்கு இது பழக்கமில்லைங்க."

"மூச்சு விட இடமில்லாத பஸ்லயே ஆள் ஏத்தறவன் நான்."

அவள் பெட்டியைப் பிரித்து டிவியோடு இணைத்தாள். படி ஏறும்போது அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. படம் வராவிட்டால் வேலை போகும். வேலை போனால் சாரும் போவார். இப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். வெட்கப்பட்ட பிறகும் கணக்கு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்திருந்தது. குழாயைப் பிடித்துத் திருப்பினார்.

"வருதா?"

பதில் வருவதற்குள் இன்னும் கொஞ்சம் திருப்பினார். "இப்ப?"

"பொறுங்க..."

அவள் முடிப்பதற்குள் அடுத்த திருப்பு.

"வந்துச்சுங்க. போச்சு."

"எங்க வந்துச்சு?"

"முன்னாடி இருந்த இடத்துல."

பழைய படம் திருப்பத் திருப்பக் கூடவே தெளியும். புதுப் பெட்டிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சிக்னல் கிடைத்தாலும் ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் படத்தைக் காட்டும். அது யோசித்து முடிக்கிறபோது கண்டக்டர் அடுத்த ஸ்டாப்புக்குப் போயிருப்பார். வலது, இடது, மறுபடி வலது என்று அவர் திருப்பிய வேகத்தில் ஆண்டெனாவுக்கே தலை சுற்றியிருக்கும்.

"திருப்பிட்டுக் கையை எடுங்க," என்று ஜன்னலிலிருந்து கத்தினாள். "அது யோசிக்கணும். சாரெல்லாம் அப்படித்தான் செய்வார்."

கண்டக்டர் குழாயை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவருக்கு வந்தார். கடைசி சீட்டுவரை கேட்டுப் பழகிய குரல், தெருமுனைவரை கேட்டது.

"அவர்கிட்ட மட்டும் பாத்துட்டே இருக்கேன்னு சொல்ற. எனக்குன்னா வருது, வரல. அவ்வளவுதான்."

பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒரே ஒரு சட்டையை மடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

கண்டக்டருக்குக் காதுமடல் சுட்டது. வேறு வழியாக இறங்க முடியுமா என்று சுற்றிப் பார்த்தார். முடியாது. ஆண்டெனா கிடக்கிறது கிடக்கட்டும் என்று தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தார்.

படியில் காலடி கேட்டது. அவள் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"அவர் கையை எடுத்துட்டு நிப்பார். எனக்குச் சொல்ல நேரம் இருக்கு, சொல்றேன். நீங்க என்னிக்கு எனக்கு நேரம் குடுத்தீங்க? அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறக்கறதுக்குள்ள 'இப்ப?'ன்னு நிப்பீங்க." குரல் தணிந்தது. "உங்களையும்தான் பாத்துட்டே இருக்கேன். கத்திச் சொல்லணுமா அதை?"

கண்டக்டர் தன் விரல்களைப் பார்த்தார். துரு ஒட்டியிருந்தது.

"சாரையே வரச் சொல்லு," என்றார். "உன் வேலை போகக் கூடாது."

ஒரு கைப்பிடி ஆணியை விழுங்கின மாதிரி இருந்தது. ஆனாலும் விழுங்கிவிட்டார்.

"வேண்டாம். நீங்க கோவிச்சுக்கிட்டுக் கையை எடுத்தீங்களே, அப்பவே படம் வந்துடுச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உடனே இறங்கிடுவீங்க." அவரை இடித்து நகர்த்திவிட்டு அவளும் தொட்டி மேல் உட்கார்ந்தாள். அப்புறம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. பக்கத்து மாடி அம்மாள் ஏமாற்றத்தோடு கீழே போனாள்.

இவர்கள் இறங்கியபோது டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நிழல் இல்லை, புள்ளி இல்லை. வாசிக்கிறவருடைய சட்டைப் பொத்தானில் நூல்கூடத் தெரிந்தது. கண்டக்டர் தன் கைவேலையை ரசித்தபடி நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னங்க, இவருக்குக் கன்னத்துல குழி விழுது பாருங்க." டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இத்தனை நாளாத் தெரியவே இல்லையே. எவ்வளவு லட்சணமா இருக்கார்."

கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பழைய சிக்னல் மாசக் கடைசிவரைக்கும் வரும்தானே?"

"வரும். ஏன்?"

"மேடம் பாத்துட்டுப் போனதும் பெட்டியைக் கழட்டிடலாம்," என்றார். "பழைய படம் பாவம், ஓடற வரைக்கும் ஓடிட்டுப் போகட்டும்."